ஜுரம் நீங்கிய பின் நீங்காத சோர்வு

1964ஆம் ஆண்டு வேலூர் நகரில் பரவிய ஒரு காய்ச்சலை அவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் நுணுகி ஆராய்ந்து, அது 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா நாட்டில் தலைகாட்டிய சிக்குன்குனியா என்னும் வைரஸ் ஜுரமே என்றும், அதே பருவத்தில் டெங்கு ஜுரமும் அதனுடன் கலந்து உலவியது என்றும் பதிவு செய்து வைத்தார்கள். அதன் பின்னர் 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சி என்ற ஊரில் ஒரு முறை தோன்றி மறைந்த அந்த வைரஸ், முப்பத்திரண்டு ஆண்டுக் காலம் நம் நாட்டில் இருந்த இடமே தெரியாமல் இருந்து, 2005ஆம் ஆண்டின் இறுதியில் திடீரெனத் திரும்பி வந்து, 2006ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளிற்று. அவர்களுள் தமிழ்நாட்டவரும் பல்லாயிரக்கணக்கில் இருந்தனர்.

வேலூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, முன்பு வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கிய ஊர். பட்டுச் சேலையாலும் அரிசி ஆலைகளாலும் பெயர் பெற்றது. இந்த இரு ஜுரங்களையும் சுமந்து திரியும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு வேண்டிய வசதிகள் நெசவாளர் குடியிருப்பின் அமைப்பிலேயே கிடைத்துவிடுகின்றன என்பது சிறிது யோசித்தால் விளங்கும். இக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. குடத்திலும் தொட்டியிலும் டிரம்மிலும் நாம் பத்திரப்படுத்தி வைக்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. இரவில் உறங்குவோரை விட்டுவிட்டுப் பகலில் உழைப்போரைக் கடிக்கிறது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்த மூலைகளில் தங்கியிருந்து, பெரும்பாலும் கணுக்காலையும் பாதத்தையும் தேடி வருகிறது. குழித்தறியின் பள்ளத்தில் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, கையை நாடாவிலும் கண்ணை ஜரிகைக் கரையிலும் வைத்துக் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் ஒருவர், அந்த இருட்டுப் பள்ளத்தில் தம் காலைக் கடிப்பது எது என்று குனிந்து பார்ப்பதற்கும் அவகாசம் இல்லாதவர்.

ஜுரம் ஒரு வாரத்தில் தணிந்துவிடுகிறது. மூட்டு வலி வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் அடங்கிய பிறகும், முன்போல் தறியில் உட்கார முடியாமல், கொஞ்சம் நெய்தால் மறுநாள் எழுந்திருக்கவே இயலாமல், இரவு முழுவதும் தூங்கியும் தூங்கிய சுகம் இல்லாமல், டிசைனில் எத்தனை இழை விட்டோம் என்ற கணக்கு மனத்தில் நில்லாமல், எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை ஒன்று சிலருக்கு வாய்த்துவிடுகிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை இதே சிக்குன்குனியா தாக்கியபோது, இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே விசாரித்த பிரெஞ்சு நாட்டு வைத்தியர்கள், மூட்டு வலியோடு தீராத சோர்வும் இந்நோயின் இரண்டாவது முகமாக நிற்பதைக் கண்டார்கள்.

இத்தகைய நிலை ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, அதற்கு வேறு காரணம் எதுவும் பரிசோதனையில் அகப்படாதபோது, வைத்திய சாஸ்திரம் அதனை நாள்பட்ட சோர்வு நோய்க்குறி என்று அழைக்கிறது. உழைத்தவன் களைப்பது இயற்கை. அக்களைப்பு உணவாலும் உறக்கத்தாலும் தீர்ந்துவிடும். இந்நோயிலோ, சரீரத்தால் செய்த உழைப்பானாலும் மூளையால் செய்த உழைப்பானாலும், அதன் விளைவு ஒரு நாளோ இரு நாளோ தாமதித்து வந்து, செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் மனிதனைக் கீழே தள்ளி, நாட்கணக்கிலும் சில வேளை வாரக்கணக்கிலும் அவனைக் கிடத்திவிடுகிறது. தொடர்ந்து இரண்டு நாட்கள் ஒரே மாதிரியான சைக்கிள் இயந்திரத்தை மிதிக்கச் செய்து, உட்கொள்ளும் பிராண வாயுவை அளந்து பார்த்தால், முதல் நாளில் ஏனையோரைப் போலவே மிதிக்கும் நோயாளிகள் பலர் இரண்டாம் நாளில் அதே அளவை எட்ட முடியாமற்போவது ஆய்வுகளில் புலப்பட்டிருக்கிறது. அமெரிக்க நாட்டின் மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் தாமதித்து வரும் வீழ்ச்சியையே நோயின் தலையாய அடையாளமாகக் கொண்டதோடு, அந்நாட்டில் எட்டு லட்சம் முதல் இருபத்தைந்து லட்சம் பேர் வரை இதனால் பீடிக்கப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தமக்கு இன்ன நோய் என்பதே சொல்லப்படவில்லை என்றும் கணக்கிட்டது.

நம் ஊர்களில் இந்த நோயை நிர்ணயிக்கப் புகுமுன் வைத்தியர் கடக்க வேண்டிய படிகள் பல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை உண்டு. அதனோடு தைராய்டுக் குறைவு, சர்க்கரை வியாதி, மறைந்திருக்கும் காசம், பி12, டி ஆகிய வைட்டமின்களின் பற்றாக்குறை என்று சோர்வைத் தரக்கூடிய, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய காரணங்கள் ஒவ்வொன்றையும் பார்த்து நீக்கிய பிறகே மீதி நிற்பதற்கு இப்பெயரைச் சூட்டலாம். பகலெல்லாம் கூரைக்குள் அமர்ந்து நெய்யும் ஒருவருக்குச் சூரிய வெளிச்சமே அரிதாகையால், இப்பரிசோதனைகளை ஒரு சடங்காக எண்ணித் தாண்டிச் சென்றுவிடலாகாது.

இந்நோய் நேற்று முளைத்ததல்ல. 1934இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொது மருத்துவமனையின் ஊழியர்கள் ஏறக்குறைய 200 பேரும், 1948இல் ஐஸ்லாந்துத் தீவின் அகுரேரி என்னும் சிற்றூரில் பல நூறு பேரும் இதையொத்த வியாதியில் வீழ்ந்தனர். 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் தொடங்கிய கொள்ளைநோய் சுமார் 300 ஊழியர்களைப் பற்றியதில், அம்மருத்துவமனையையே சில மாதங்கள் மூடி வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் 'லான்செட்' பத்திரிகை, தசை வலியையும் மூளை, தண்டுவடத்தின் அழற்சியையும் குறிக்கும் மயால்ஜிக் என்செபலோமயலிடிஸ் என்ற நீண்ட பெயரை அதற்கு இட்டது. அந்த நோயாளிகளை அருகிலிருந்து கவனித்த மெல்வின் ராம்சே என்ற வைத்தியர், இது ஒரு தொற்றின் பின் வரும் நரம்பு நோய் என்று தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். இருந்தும் 1970இல் மெக்கெவடி, பியர்ட் என்னும் இரு மனநோய் வைத்தியர்கள், நோயாளிகள் ஒருவரையேனும் நேரில் பரிசோதியாமல், பழைய மருத்துவக் குறிப்பேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் தம் வாதத்துக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு, இது கூட்டமாக வந்த ஹிஸ்டீரியா என்று எழுதினர். அந்த ஒரு கருத்து இரண்டு தலைமுறை நோயாளிகளுக்குச் செய்த தீங்கை எண்ணினால் உள்ளம் கொதிக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் 'உமக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பும் வழக்கத்துக்கு அது சாஸ்திரத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தது.

அக்கருத்தை உண்மையில் அசைத்தது, ஆரணியைப் போலவே பெருநகரங்களுக்கு அப்பால் உள்ள ஓர் ஊரில் நடந்த பொறுமையான ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ என்னும் ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 253 பேரை, அவர்கள் ஜுரத்தில் விழுந்த நாள் முதலாகவே பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நோயாளி நெடுநாள் சோர்ந்த பிறகு பழைய கதையைக் கேட்டு எழுதுவதற்கும், ஜுரம் கண்ட அன்றே தொடங்கி என்ன நேர்கிறது என்று காத்திருந்து பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது; முன்னது நினைவின் தயவில் நிற்பது, பின்னது பிரத்தியட்சம். அந்த 253 பேரையும் பற்றியிருந்தது மூன்று வெவ்வேறு கிருமிகளில் ஏதேனும் ஒன்று: எச்சிலால் பரவும் எப்ஸ்டீன் பார் வைரஸ், ஆடுமாடுகளிடமிருந்து வரும் கியூ ஜுரத்தின் பாக்டீரியா, கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸ். குலத்தாலும் குணத்தாலும் தம்முள் சற்றும் உறவில்லாத இம்மூன்றில் எது பற்றியிருந்தாலும், ஆறு மாதங்கள் கழித்துப் பார்க்கையில் 100க்கு 12 பேர் அளவில், ஒரே வகையான தீராச் சோர்வில் கிடந்தார்கள். யார் அவ்வாறு கிடப்பார் என்பதை முன்கூட்டிக் காட்டியது வயதன்று, கல்வியன்று, மனத்தின் பலவீனமும் அன்று. முதலில் வந்த ஜுரத்தின் கடுமைதான்.

ராஸ் ரிவர் வைரஸைப் பற்றித் தமிழர்கள் கவலைப்படுவதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. ஆல்ஃபா வைரஸ் என்னும் ஒரே குடும்பத்தில் சிக்குன்குனியாவுக்கு அது நெருங்கிய பங்காளி. அதே போலக் கொசுவால் வந்து, அதே போல மூட்டுகளைத் தாக்குவது. டப்போவில் பங்காளி செய்ததை வட ஆர்க்காட்டில் சிக்குன்குனியா செய்யாது என்று நம்புவதற்கு நியாயம் ஏதும் காணோம்; ரீயூனியன் தீவின் அனுபவமோ அது செய்யும் என்றே சொல்லுகிறது. வைரஸ்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. 2004இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் குடிநீரில் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுள் 100க்கு 46 பேர் சோர்வைப் பற்றி முறையிட்டனர். அந்நோய் காணாதவர்களிடையே அக்கணக்கு 12. அண்மையில் உலகத்தையே ஆட்டிவைத்த கொரோனா ஜுரத்துக்குப் பின் கோடிக்கணக்கானோர் படும் துன்பத்தில் ஒரு பகுதி இதே இலக்கணங்களுடன் அமைந்திருப்பதை இனி விவரிக்க வேண்டியதில்லை.

ஒற்றைக் கிருமியைக் குற்றவாளியாக்க விரும்பிய ஆசை ஒரு முறை பெரிய ஏமாற்றத்தில் முடிந்தது. 2009இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸே காரணம் என்று அறிவித்த கட்டுரை, ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த மாசினால் விளைந்த பிழை என்று தெளிந்து, 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

அப்படியானால், கிருமி போன பிறகும் சரீரத்தில் நிற்பது என்ன? ஜுரம் வந்தவன் சுருண்டு படுத்துக்கொள்வது கிருமியின் வேலை மாத்திரம் அல்லவென்றும், அக்கிருமியை எதிர்க்க நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் முதலிய பொருள்கள் மூளைக்கு அனுப்பும் கட்டளையின் பலன் என்றும் அறிஞர் நெடுநாளாக அறிவர். படுக்கச் செய்து, பசியை அடக்கி, இருக்கும் சக்தியையெல்லாம் நோயை எதிர்ப்பதிலே செலவிட வைப்பது அந்தக் கட்டளையின் நோக்கம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு மருந்தாக இதே இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட 55 பேரைச் சிகிச்சைக்கு முன்னிருந்தே கவனித்தார்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் 18 பேர் சோர்விலிருந்து மீளவில்லை. அந்தப் பதினெண்மரின் ரத்தம், முதல் சில ஊசிகளுக்கே ஏனையோரைவிட மிகுதியாகக் கொதித்தெழுந்திருந்தது. ஆனால் தீராச் சோர்வு நிலைபெற்ற காலத்தில் ரத்தத்தைச் சோதித்தபோது, அந்தக் கொதிப்பின் அடையாளம் ஏதும் இல்லை. வைத்தியரிடம் போகும் நோயாளியின் பரிசோதனைச் சீட்டுகளில் எல்லாம் 'நார்மல்' என்றே வருவதன் மர்மம் ஓரளவு இங்கே துலங்குகிறது: கேடு விளைந்த வேளையும் அவர் ரத்தம் கொடுத்த வேளையும் வேறு வேறு.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் அனுபவமுள்ள நெசவாளர் ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. இழையே மெலிந்திருந்ததா, காற்று வறண்டிருந்ததா, அச்சை ஓங்கி அடித்துவிட்டோமா என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார். இந்நோயையும் அவ்வண்ணமே பார்ப்பது பொருந்தும். பிறப்பிலே அமைந்த இசைவு ஒன்று உண்டு என்பதற்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆய்வு சான்று தருகிறது. 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட அவர்கள் 2025இல், நோயாளிகளிடம் மாறுபட்டுத் தோன்றும் எட்டு இடங்களை அறிவித்தார்கள். அவற்றுட் சில நோயெதிர்ப்பையும் வேறு சில நரம்பு மண்டலத்தையும் சார்ந்தவை. பெண்களே மிகுதியாகப் பீடிக்கப்படுகின்றனர் என்பதும் எல்லா நாடுகளிலும் கண்ட உண்மை. இந்த இசைவின்மேல் ஒரு கடும் ஜுரம் வந்து மோதுவது துவக்கம். மோதிய பின், அதை ஆறவிடாமல் நீட்டிக்கும் சூழ்நிலைகள் மூன்றாவது. முதலிரண்டை நாம் பெரிதும் மாற்ற இயலாதாகையால், மூன்றாவதைக் குறித்தே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் ஆய்வு கிடைத்திருக்கிறது. மனநல ஆராய்ச்சியாளர் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் கோவாவில் 18 முதல் 50 வயது வரையுள்ள 2,494 பெண்களை விசாரித்து 2005இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுள் 100க்கு 12 பேர் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட சோர்வால் துன்புற்றார்கள். நீடித்த சோர்வு எல்லாம் இந்நோய்க்குறி ஆகிவிடாது. ஆயினும் அவர்கள் கண்ட தொடர்புகள் கருதத்தக்கவை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் அந்தச் சோர்வுக்கும் சம்பந்தம் தென்படவில்லை. கடனுக்கும், வயிற்றுப் பசிக்கும், கல்விக் குறைவுக்கும், கணவனால் நேர்ந்த வன்முறைக்கும், மனத் துயருக்கும் சம்பந்தம் தெளிவாகத் தென்பட்டது. இவற்றைக் கண்டவுடன் 'ஆகவே எல்லாம் மனந்தான்' என்று முடிவு கட்டுவது மெக்கெவடியின் தவற்றை நாமும் செய்வதாகும். பசியும் கடனும் மனத்தில் மட்டும் குடியிருப்பவையல்ல. அவை உறக்கத்தைக் குலைக்கின்றன, உணவைக் குறைக்கின்றன, ஓய்வைப் பறிக்கின்றன. ஜுரத்திலிருந்து தேறும் சரீரத்துக்கு அவசியமானவை இம்மூன்றுமே.

ஆரணியில் நெசவுக் கூலி நாளுக்கு இவ்வளவு என்று வருவதில்லை, சேலைக்கு இவ்வளவு என்று வருகிறது. நூலையும் ஜரிகையையும் கொடுக்கும் மாஸ்டர் வீவரிடமிருந்து வாங்கிய முன்பணம் தலைமேல் இருக்கையில், முகூர்த்த நாட்களும் தீபாவளியும் நெருங்குகையில், ஜுரம் விட்ட மறுநாளே தறியில் உட்காருவதைத் தவிர நெசவாளருக்கு வேறு போக்கில்லை. வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் கடினம். தார் சுற்றுவதும், அறுந்த இழையை ஒட்டுவதும், தண்ணீர் பிடிப்பதும், அடுப்பும், குழந்தைகளும் எந்த நோய்க்காகவும் காத்திருப்பதில்லை. 'கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டிக்கொண்டே போ, சரியாகிவிடும்' என்று உறவினர் சொல்லும் புத்திமதியையே 2011இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றும் ஆதரித்தது. ஆனால் அதன் முறைகள் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின. அந்நாட்டின் நைஸ் என்னும் சிகிச்சை நெறிமுறை நிறுவனம் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, 2021இல், உழைப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக உயர்த்தும் பயிற்சியை இந்நோயாளிகளுக்கு அளிக்கலாகாது என்று அறிவித்தது. தாமதித்து வரும் வீழ்ச்சியை உடைய ஒருவர், ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் இழப்பது ஒரு நாளை மட்டும் அன்று. மாதக்கணக்கில் சேர்த்துவைத்த தேர்ச்சியையும் அவர் இழந்துவிடக்கூடும்.

இந்த வீழ்ச்சியைக் கண்டுபிடிக்கப் பெருநகரத்து இயந்திரம் எதுவும் இல்லாவிடினும், நெசவாளர் வீட்டில் அதற்கு ஈடான சாதனம் தயாராகவே இருக்கிறது. நாள்தோறும் எத்தனை முழம் நெய்தோம் என்பதை ஜுரத்துக்குப் பிந்திய மாதங்களில் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வரட்டும். பக்கத்தில் அன்றைய உறக்கமும் உடல்நிலையும் இரண்டொரு சொற்களில் இருக்கட்டும். மூட்டு அழற்சியால் வருந்துபவருக்குக் காலையில் விறைப்பு மிகுந்து, கைகால் அசைய அசையத் தளர்ந்து, பிற்பகல் வேலை நன்கு நடக்கும். ரத்தசோகை உடையவருக்கு மூச்சிரைப்பும் களைப்பும் உழைக்கும்போதே உடனுக்குடன் வந்து நிற்கும். நாம் பேசும் நோயிலோ, நிறைய நெய்த நாளில் ஒன்றும் நேராமல், அதற்கு மறுநாளும் மூன்றாம் நாளும் கணக்கு விழுந்துகிடக்கும். அந்த வடிவம் மீண்டும் மீண்டும் வரும். ஒரு மாதத்து நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால், ஒரே நாளில் நூறு நோயாளிகளைப் பார்க்க வேண்டிய அரசு மருத்துவமனை வைத்தியரும் அதில் உள்ளதை ஐந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். அதே நோட்டிலிருந்து, எத்தனை முழத்துக்குள் நிறுத்தினால் மறுநாள் வீழ்ச்சி வருவதில்லை என்ற எல்லையும் தெரிந்துவிடும். உடம்பு தெம்பாகத் தோன்றும் நாளிலும் அந்த எல்லையைத் தாண்டாமல் எழுந்துவிடுவதும், அதற்குத் தக்கபடி வேலை குறைந்த, சாதாக் கரைச் சேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்வதும், தவணை நாளைத் தள்ளித் தரும்படி அந்த நோட்டையே காட்டி முதலாளியிடமும் கூட்டுறவுச் சங்கத்திலும் பேசுவதும் இன்றைக்கே தொடங்கக்கூடிய காரியங்கள்.